டீ வடிகட்டிக்குள் ஒரு விருந்தாளி

தேசியப் பூங்காவின் ஊழியர் குடியிருப்பில் ஒரே வீட்டை நடுவில் தடுத்து அண்ணனும் தம்பியும் குடியிருந்தார்கள். அவர்களின் மனைவிமார் வாய் திறந்தால் சண்டைதான். மூத்தவள் பூங்காவின் பூச்சி ஆய்வாளர். பிடித்த அந்துப்பூச்சிகளை டப்பாவில் போட்டுப் பொது ஃபிரிட்ஜில் வைப்பாள். பாலுக்குப் பக்கத்தில் பிணமா என்று இளையவள் அதைத் தூக்கி வெளியே வைப்பாள்.

மூத்தவளுக்கு இப்போது ஒரே கவலை. உடலை வளைத்து வளைத்து முழம் போட்டு நடக்கும் ஒரு பச்சைப் புழு, இந்தக் காட்டில் சாம்பல் நிற அந்துப்பூச்சியாகிறது. ஆண்பூச்சிகள்தான் வலையில் விழுந்தன. பெண்பூச்சிக்கு இறக்கை கிடையாது. மரத்தில் ஊர்ந்து ஏறும். குளிர் முடிவதற்குள் ஒரு பெண்பூச்சியையாவது காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். மரம் மரமாகத் தேடினாள். ஆண்டவனிடமும் கேட்டாள்.

ஒரு மாலை, இளையவளின் விளக்கேற்றாத சமையலறை ஜன்னலை ஆண்பூச்சிகள் மொய்த்தன. இளையவள் வெளியே நின்று துண்டை வீசி விரட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்கக்கா. கூட்டிட்டுப் போ."

மூத்தவள் ஜன்னலை உற்றுப் பார்த்தாள். உள்ளே விளக்கு இல்லை. பெண்பூச்சியின் வாசனைக்குத்தான் இப்படிக் கூடும்.

"உள்ள சிலந்தி மாதிரி, இறக்கை இல்லாம எதையாச்சும் பாத்தியா? நசுக்கித் தொலைச்சிட்டியா? உன் கையில எதுடி உருப்பட்டிருக்கு?"

இளையவள் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

"கதவைத் திற!"

"வாயைக் கழுவிட்டு வா."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "தப்பாப் பேசிட்டேன். காட்டும்மா."

கதவு திறந்தது. ஜன்னல் திட்டில் கவிழ்த்த டீ வடிகட்டி. அதற்குள் சுள்ளியைப் பற்றியபடி, கொழுத்த, ரோமம் அடர்ந்த, இறக்கையில்லாத பெண்பூச்சி.

"விறகோட வந்துச்சு. பறக்க முடியல, எறும்பு இழுத்துச்சு. பாவமா இருந்துச்சு, மூடி வச்சேன். உனக்காக இல்ல."

ஆண்டவன் சிலருக்குப் பதிலைப் பகையாளியின் கையில் கொடுத்தனுப்புகிறான். வாங்குகிறவர் குனியத்தான் வேண்டும்.

மூத்தவள் பையிலிருந்து, பூச்சியைக் கொல்லும் மருந்துப் புட்டியை எடுத்தாள்.

"கொல்லப் போறியா? அப்ப தரமாட்டேன்."

புட்டி பைக்குள் திரும்பியது. "முட்டை வச்சிட்டு அதுவே செத்துப்போயிடும். அதுவரை இங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்."

இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வா. தரையை இப்பதான் துடைச்சேன்."