மாவாய்ப் போன பார்லி

பரானா ஆற்றில் படகு கவிழ்ந்து என் கணவன் ருஃபினோ மூழ்கியபோது, ஊரின் தன்னார்வ தீயணைப்புப் படையினர்தான் அவனை இழுத்துக் கரைசேர்த்தார்கள். பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

"எங்க ஆண்டு விருந்துக்கு நீ காய்ச்சுற பீர் ஒரு பீப்பா கொண்டா சுலேமா, போதும்" என்றாள் படைத்தலைவி டல்மீரா.

விருந்துக்கு நான்கு வாரம் இருந்தது. பீர் புளித்துத் தெளியவும் நான்கு வாரம் வேண்டும். வீட்டில் இருந்ததோ ஐந்து கிலோ முளைகட்டிய பார்லி; நீண்ட விடுமுறை, சாந்தா ஃபே நகரத்தில் கடை திறக்காது. அன்று காய்ச்சினால் உண்டு.

என் அரவை இயந்திரத்தில் இரண்டு உருளைகள். அவற்றின் நடுவே விழும் பார்லியின் உள்பகுதி நாலைந்து துண்டாக உடைய வேண்டும். மேலுமி மட்டும் முழுசாக இருக்க வேண்டும். பிறகு அரைத்ததை வெந்நீரில் ஊறவைத்த கூழை வடிகட்டப்போவது அந்த உமிதான்.

இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றினேன். பார்லி உள்ளே இறங்காமல் உருளைகளின் மேலேயே துள்ளிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் உருளை முழுக்கப் பசை.

"ருஃபினோ! பார்லியில தண்ணி ஊத்தினியா?"

விலா எலும்புக் கட்டோடு நாற்காலியில் இருந்தவன் அசடு வழிந்தான். "நனைச்சா உமி கிழியாதுன்னு சொன்னாங்க. மாத்தே டீ போடும்போது இலைய முதல்ல நனைக்கிறோமே, அந்த மாதிரி..."

"ஒரு கிளாஸ் தெளிக்கணும்டா! நீ ஃபிளாஸ்க்கையே கவுத்திருக்கே."

"ஆத்துல விழுந்து எந்திரிச்சவன்கிட்ட தண்ணிக்கு அளவு கேக்குறியே."

சிரிப்பு வந்துவிட்டது. அவன் எண்ணம் சரிதான், அளவுதான் தப்பு. பார்லியைத் துணியில் பரப்பி வெயிலில் உலர்த்தினேன். உருளைகளைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது என் தவறு. பேருந்துப் பயண அட்டையை உருளைகளுக்கு இடையில் செருகித்தான் இடைவெளியை அளப்பேன். அட்டை தாராளமாக வழுக்கிப் போக வேண்டும். அவசரத்தில், அது இறுகிப் பிடிக்கும் வரை இடைவெளியைத் திருகிக் குறைத்துவிட்டேன். அரவை கடகடவென்று முடிந்தது. அரைத்ததில் முதல் பிடியை எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

வெந்நீரில் கூழ் ஊறிய பானையின் அடியிலிருந்த குழாயைத் திறந்தேன். சாறு நூலாக வந்தது, சொட்டாக மாறியது, நின்றது. உமி பொடிந்து, மாவு பசையாகி, அடியை அடைத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. அவன் உயிரைக் காப்பாற்றியவர்கள் கேட்டது ஒரே ஒரு பீப்பா.

வேலிக்கு அப்பால் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஒஸ்மார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கஞ்சியா காய்ச்சுற?"

"சிரிக்காதீங்கண்ணே. உமியெல்லாம் தூளாயிடுச்சு, வடியவே மாட்டேங்குது."

"உமிதானே? கோழிக்கூண்டுல பரப்ப நெல்லு உமி வாங்கி வச்சிருக்கேன். பிரிக்காத மூட்டை. ஆகுமா?"

ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். நெல் உமிக்கு ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. ஆனால் விறைப்பாக நின்று பசைக்கு நடுவே வழிவிடும். நான்கு கைப்பிடி உமியை அலசிக் கூழில் கிளறினேன். பத்து நிமிடம் படிய விட்டு, குழாயைக் கொஞ்சமாகத் திறந்தேன். அவசரப்பட்டால் அடியில் படிந்த படுகை மறுபடி இறுகிவிடும்.

கலங்கலாக வந்ததை மறுபடி மேலேயே ஊற்றினேன். மூன்றாவது குடத்தில் தேன் நிறத்தில் தெளிந்து இறங்கியது.

"வருது, சுலேமா" என்றான் ருஃபினோ.

நான்கு வாரம் கழித்து, விருந்தன்று பீர் லேசாக மங்கலாகத்தான் இருந்தது. ஒஸ்மாரையும் அழைத்துப் போயிருந்தோம். நன்றி சொல்ல ருஃபினோ எழுந்தான். "நீங்க மட்டும் அன்னிக்கு வரலேன்னா..." என்று தொடங்கினான்.

டல்மீரா காலிக் கோப்பையை அவன் பக்கம் நீட்டினாள். "அதெல்லாம் குடிச்சே புரிஞ்சுகிட்டோம்ப்பா. ஊத்து."

ஊற்றினான்.