கீழே ஓடிய எழுத்தும் சீலா சொன்ன கதையும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் சொந்தச் சரக்கு இல்லை. சீலா ரீச்சரிடமிருந்து எடுத்தது. நாங்கள் இருவரும் இணுவிலில் ஒரே ரியூட்டறியில் படிப்பிக்கிறோம். அவள் ஆங்கிலம், நான் தமிழ். மழைக்குப் பிள்ளைகள் வராத ஒரு நாளில் அவள் சொன்னாள், நான் கேட்டேன். "இதை எழுதப்போறன்" என்றேன்.

"எழுதுங்கோ அருட்பிரகாசம் அண்ணை. ஆனால் எனக்குக் காட்டாமல் ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது" என்றாள்.

அந்த நிபந்தனைக்கு ஏன் தலையாட்டினேன் என்று இப்போது யோசிக்கிறேன். ஓரமெல்லாம் அவளுடைய சிவப்பு மைதான்.

இன்னொன்று. இது 1994. பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் எழுதுகிற தாளுக்குத் தட்டுப்பாடு. பிள்ளைகளின் பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். பிடிக்காத வரியைக் கிழித்தெறிய வசதியில்லை. வெட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். வெட்டியதும் கண்ணில் படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

கிளாலிக் கடலில் அன்று நிலவு— [வெட்டு. நான் அங்கே இல்லை. நிலவைப்பற்றி எனக்கு என்ன தெரியும்?]

பாலேஸ்வரி தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும்— [வெட்டு. சிவப்பு மை: "அவள் உப்பிடித் தொட்டுப் பாக்கிற ஆள் இல்லை."]

சரி, நேராகவே வருகிறேன். 1993 தை மாதம், இணுவில் கதிரவேலு புகையிலைச் சிப்பங்களோடு கிளாலியில் வள்ளம் ஏறி வவுனியாவுக்குப் புறப்பட்டார். அந்தக் கிழமை கடலில் வள்ளங்களுக்குக் கடற்படையின் சூடு விழுந்தது. சிலருடைய உடல் கரைக்கு வந்தது, சிலருடையது வரவில்லை. கதிரவேலுவைப்பற்றி ஏழு மாதம் ஒரு சொல்கூட இல்லை.

அவருடைய தாயார் ஞானாம்பிகை ஏழு மாதம் பொறுத்தார். பிறகு, செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால் பிள்ளை அந்தரத்தில் அலைவான் என்று ஐயரிடம் நாள் கேட்டுவிட்டார். ஆவணி அமாவாசை என்று முடிவாயிற்று. அன்றைக்குக் கிரியை நடந்தால் மருமகள் பாலேஸ்வரி பொட்டை அழிக்கவேண்டும், தாலியைக் கழற்றவேண்டும். அவள் மாட்டேன் என்று நின்றாள். மாமியும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்து, தனித்தனியே சாப்பிட்டார்கள்.

3.

இந்த இடத்தில்தான் பேய் வருகிறது.

சீலா உடுவில்காரி, வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பள்ளிக்கூடத்தில் பாலேஸ்வரியோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். ஆங்கிலப் பாடத்தில் பாலேஸ்வரி எழுதியதெல்லாம் சீலாவைப் பார்த்து எழுதியதுதான். சீலாவின் அண்ணன் ஐசாக் லண்டனில் இருந்து ஒரு வீடியோக் கசற் அனுப்பியிருந்தார். யப்பான் கார்ட்டூன் படம், எல்லாம் கையால் கீறியது. மட்டையில் பெரிய கண்களோடு ஒரு பெண் வாசலில் நின்றாள்.

"கீறின படம்தானே, சின்னப் பிள்ளையளுக்கு நல்லது. எல்லாரையும் கூப்பிடுங்கோ" என்றார் சோமசேகரத்தார். ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் அவருடையவை, படம் ஓடுவதும் அவர் வீட்டில்தான்.

இரவில் வெளிச்சம் தெரிந்தால் ஹெலிகொப்ரர் சுட வரும் என்று படம் பகலில்தான் ஓடும். யன்னல்களுக்கு உரச்சாக்கு கட்டி அறையை இருட்டாக்குவார்கள். மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை, ஆகவே யாரும் முன்கூட்டிப் போட்டுப் பார்ப்பதில்லை. ஜெனரேற்றர் போடுகிற சத்தத்தில் படத்தின் சத்தம் ஒருவருக்கும் கேட்காது. கேட்டாலும் யப்பான் பாசை. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். சீலா ரீவிக்குப் பக்கத்தில் நின்று, அதை வாசித்து, தமிழில் உரத்துச் சொல்லவேண்டும். அமாவாசைக்கு இன்னும் பத்து நாள். நாற்பது பேர் பாயில். முன்வரிசையில் ஞானாம்பிகை. கடைசியில், சுவரோடு, பாலேஸ்வரி.

படம் தொடங்கியது. ஒரு ஏரி. ஏரியில் வள்ளம் ஓட்டுகிற ஒருவன். புயல். வள்ளம் கவிழ்ந்தது.

சீலா திரும்பிச் சுவரோரம் பார்த்தாள்.

4.

[இங்கே ஒரு சிறு கட்டுரை. அவசரமானவர்கள் தாண்டிப் போகலாம். கீழே எழுத்து ஓடுகிற படத்தில் நடிப்பவனின் குரல் அவனுடையதாகவே இருக்கும். பொருள் மட்டும் வேறு ஒருவருடைய கையால் வரும். குரல் மாற்றிய படத்தில் வாய் ஒருவனுடையது, குரல் இன்னொருவனுடையது. உதடு மூடிய பிறகும் சொல் வந்துகொண்டிருக்கும். முதலாவதுதான் நேர்மையானது என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிவப்பு மை: "கதைக்கு வாங்கோ."]

வந்துவிட்டேன். அந்த வள்ளக்காரன் ஒவ்வொரு பொழுதுபடும்போதும் வீட்டுக்கு வருகிறான். உடம்பில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. முதல் நாள் படலையில் ஈரக்கால் தடம், அடுத்த நாள் முற்றத்தில், அடுத்த நாள் வாசற்படியில். மனைவி ஒவ்வொரு நாளும் சோறு வைத்துக் காத்திருக்கிறாள். பிள்ளைகள் தாய்மாரின் சேலைக்குள் புகுந்துவிட்டார்கள், ஆனால் ஒன்றாவது எழும்பிப் போகவில்லை. "கீறின தண்ணி, மனுசனை உப்பிடிப் பயப்பிடுத்துதே!" என்றார் சோமசேகரத்தார்.

அப்போது ஒரு மொட்டைத்தலைத் துறவி வந்து மனைவியின் முன்னால் இருந்தான். கீழே எழுத்து வந்தது: உன் கணவன் இறந்துவிட்டான். அது அவனுக்குத் தெரியாது. சடங்கைச் செய்து அவனை அனுப்பு. இல்லாவிட்டால் உன்னையும் தண்ணீருக்குள் கொண்டுபோவான்.

நாற்பது முகமும் சீலாவைப் பார்த்தன. ஞானாம்பிகையின் முகமும்.

சீலா வாய் திறந்தாள். "அவர் சாகேல்லையாம்" என்றாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். ஆனால் துறவி அடுத்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டான், நிற்க நேரமில்லை. "மயக்கத்திலை எங்கையோ மாட்டுப்பட்டுக் கிடக்கிறாராம். ஆரும் அவரைச் செத்தவர் எண்டு சொன்னால்தான் அவருக்கு வழி தவறிப்போகுமாம். பொறுத்திரு எண்டு சொல்லுறார்."

அதன்பிறகு படம் முழுவதும் சீலா தன் கதையைத்தான் சொன்னாள். துறவி மந்திரம் சொன்னபோது அது வழிகாட்டுகிற மந்திரம் என்றாள். மனைவி அழுதபோது அது சந்தோஷம் என்றாள்.

படம் முடிந்து சாக்கை விலக்கியபோது ஞானாம்பிகை எழுந்து சேலையைத் தட்டினார். "தம்பி சோமசேகரம், ஐயரிட்டை ஒரு சொல் சொல்லிவிடு. ஆவணி வேண்டாமாம், தை வரட்டும் பாப்பம் எண்டு" என்றார். பாலேஸ்வரி பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

5.

சீலா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஓய்வுநாள் பாடசாலையில் படிப்பிக்கிறவளும் அவள்தான். தான் சொன்ன பொய்யை நம்பி ஒருத்தி ஆயுள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் யாருக்கு? உண்மையை வாசித்திருந்தால் அழுது ஓய்ந்து, ஒரு வழிக்கு வந்திருப்பாளே? இரண்டு மாதம் அவள் பாலேஸ்வரியின் வீட்டு ஒழுங்கையால் போகாமல், சுற்றி மருதனார்மடத்தால் சைக்கிள் ஓடினாள்.

6.

இனி முடிவு. எனக்கு மூன்று முடிவு வந்தது.

முடிவு ஒன்று: மார்கழியில் கொடிகாமத்தில் இருந்து ஒருவர் கதிரவேலுவின் மணிக்கூட்டைக் கொண்டுவருகிறார்— [வெட்டு.]

முடிவு இரண்டு: ஒரு பொழுதுபடும்போது பாலேஸ்வரி படலையில் ஈரக்கால் தடம் ஒன்றைக்— [வெட்டு. ஆனால் இது நல்ல முடிவு. எனக்கு இப்போதும் மனம் கேட்கவில்லை.]

முடிவு மூன்று: பாலேஸ்வரியே கிளாலிக்குப் போய்— [இங்கே சிவப்பு மை தாளைக் கிழித்தேவிட்டது.]

"என்ன அண்ணை, அந்த மனுசனைச் சாக்கொல்லவே நிக்கிறியள்?" என்றாள் சீலா, தாளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு. "உங்கடை கதையளிலை ஆராவது உயிரோடை வீடு வந்து சேர்ந்தவனோ?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவருமில்லை. பதினொரு கதையில் பதினொரு சாவு. இந்தக் காலத்தைப்பற்றி எழுதுகிறவன் ஆளைக் கொல்லாவிட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று எனக்கொரு நினைப்பு.

7.

நடந்தது இதுதான். 1993 ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கதிரவேலு வந்தார். வவுனியாவில் ஆமி பிடித்துத் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். எழுதிய கடிதம் ஒன்றும் வந்து சேரவில்லை. விட்டதும் அதே கடலால் வந்தார். மெலிந்துபோய், யாருடையதோ செருப்போடு, பையில் நாலு கட்டிக் குளிக்கிற சவர்க்காரத்தோடு வந்தார். சவர்க்காரம் கண்ணில் காணாத காலம் அது. ஞானாம்பிகை மகனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "கால் ஈரமில்லை" என்றாராம். நான் இட்டுக்கட்டவில்லை. சிவப்பு மை: "ஓம், சொன்னவ."

அப்பாடா! எழுதும்போதே எனக்கு நெஞ்சு லேசாகிறது. பதினொரு பேரைக் கொன்ற கைக்கு இது புது அனுபவம்.

அடுத்த நாள் பாலேஸ்வரி ரியூட்டறிக்கு வந்தாள். ஒரு சவர்க்காரக் கட்டியைச் சீலாவின் கையில் வைத்தாள். சீலாவால் அடக்க முடியவில்லை.

"பாலேஸ், நான் உனக்குப் பொய் சொன்னனான். அந்தப் படத்திலை அந்த ஆள்—"

"செத்தவன். தெரியும்."

"எப்பிடி? நீ இங்கிலீசு வாசிச்சனியோ?"

"விசரி, அவன்ரை போட்டோவைச் சாமித்தட்டிலை வைச்சு, முன்னாலை ஊதுபத்தி கொளுத்தி, ஒரு கோப்பைச் சோறும் படைச்சிருந்தது. படம் தொடங்கி அரை மணித்தியாலத்திலை வந்தது. வேதக்காரருக்கு அது விளங்காட்டி எங்களுக்கும் விளங்காதே?"

சீலா அந்தக் காட்சியில் கீழே ஓடிய எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தில் இருப்பதுதான் சேதி என்று வேதப்புத்தகத்தோடு வளர்ந்த வீடு அவளுடையது.

"அப்ப மாமி?"

"மாமிக்குத் தெரியாததே? அங்கை இருந்த நாப்பது பேருக்கும் தெரியும்."

"பிறகேன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?"

"நீ நல்லாத்தானே சொல்லிக்கொண்டு வந்தனீ" என்றாள் பாலேஸ்வரி. "மாமிக்கும் கிரியை நாளைத் தள்ள ஒரு சாட்டுத் தேவைப்பட்டது. பெத்த மனம், எப்பிடித் தானாச் சொல்லுறது?"

சீலா மேசையில் தலையை வைத்து அழுதாள். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் போன அழுகை.

8.

மார்கழியில் ஐசாக் இன்னொரு கசற் அனுப்பினார். அதே படம், ஆனால் ஆங்கிலக் குரல் போட்டது. கூட வந்த கடிதத்தில் இருந்ததைச் சீலா சொல்கிறாள்: அதில் துறவி வாய் திறந்து, உன் கணவன் சாகவில்லை, மந்திர உறக்கத்தில் இருக்கிறான் என்கிறானாம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பயப்படக்கூடாது என்று மாற்றியிருக்கிறார்கள். தனக்கு முன்னமே ஒரு கொம்பனி அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது என்று அவளுக்குப் பெரிய ஆறுதல்.

மறுபடியும் சோமசேகரத்தார் வீடு, உரச்சாக்கு, பட்டப்பகல் இருட்டு. இந்த முறை முன்வரிசையில் கதிரவேலுவும் இருந்தார்.

"எதைப் போட?" என்றார் சோமசேகரத்தார், இரண்டு கையிலும் இரண்டு கசற்.

"செத்ததைப் போடுங்கோ. நானும் ஒருக்காப் பயப்பிட்டுப் பாக்கிறன்" என்றார் கதிரவேலு.

"வாயைப் பொத்துங்கோ. அண்ணை, நீங்கள் மற்றதைப் போடுங்கோ" என்றாள் பாலேஸ்வரி.

பிரச்சினை முற்றியது. ஜெனரேற்றர் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. ஞானாம்பிகை கையை உயர்த்தினார்.

"எதையெண்டாலும் போடு தம்பி. நாங்கள் பிள்ளை சொல்லுறதைத்தானே கேக்கப்போறம்."

சீலா எழுந்து ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எந்தக் கசற் ஓடியது என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டாள். எனக்கும் சோதனைத் தாள் முடிகிறது. இன்னும் இரண்டு வரிக்குத்தான் இடம். டெக்கின் வாய் திறந்திருக்கிறது. நீங்களே ஒன்றைப் போடுங்கள்.