தலை ஒருத்தி, ஓடு ஒருத்தி

ஐஸில் கிடந்த எறாவை உரித்தால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போய்விடும். அப்புறம் முள் குத்தினாலும் தெரியாது. காசிமேட்டு ஏற்றுமதி ஷெட்டில் எனக்கும் முத்தம்மா அக்காவுக்கும் ஒரே மேஜை. அக்கா தலையைக் கிள்ளி என் பக்கம் தள்ளுவாள், நான் ஓட்டை உரித்துக் குடலை உருவுவேன். கூலி பாதிப் பாதி. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு வேலையிலும் நான்தான் வேகம். ஓடு உரிக்க விட்டால் அக்கா விடிய விடிய உரிப்பாள். தலை கிள்ளுவதில் மட்டும் அவ்வளவு மோசமில்லை.

போன ஞாயிறு எனக்கு அஞ்சல்வழிப் பொருளாதாரப் பரீட்சை. பன்னாட்டு வணிகக் கோட்பாடுகள் வளர்ந்த கதையையும் அவற்றின் பயனையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். முதலில் ராஜாக்கள் காலம். நிறைய விற்று, கொஞ்சமாக வாங்கி, தங்கத்தைப் பெட்டியில் பூட்டினால் அதுதான் பணக்கார நாடு. அப்புறம் ஒருவர் வந்து, அவனவன் கைவந்த வேலையைச் செய்து மாற்றிக்கொள்ளட்டும் என்றார். அதற்கும் அப்புறம் வந்தவர்தான் எனக்குப் பிடித்தவர். எல்லாவற்றிலும் மட்டமான நாடாகவே இருக்கட்டும், எதில் கொஞ்சம் குறைவாக மட்டமோ அதைச் செய்தால் போதும், இரண்டு பக்கமும் லாபம் என்றார். படிக்கும்போதே சிரித்துவிட்டேன். அட, எங்கள் மேஜைதானே இது! இரண்டு நாடுகளை எழுத வேண்டிய இடத்தில் எங்கள் இரண்டு பேரையும் எழுதிவிட்டு வந்தேன்.

"என்னப் பத்தி பரீச்சைல எய்திகீறாம்மே இந்த மோகனா!" என்று அக்கா ஷெட் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

இன்று காலை சூப்பர்வைசர் வெற்றி எங்களிடம் வந்தான்.

"அமெரிக்காக்காரன் வரிய ஏத்திட்டான். ஆர்டர் பாதிதான் வருது. மேஜைக்கு ஒரு ஆளு போதும்னு ஓனர் சொல்ட்டாரு." என்னைப் பார்த்தான். "தல, ஓடு ரெண்டும் நீயே பாத்துக்குவியா?"

பக்கம் பக்கமாக எழுதியவள் நான், கையிலிருந்த எறாவின் குடலை உருவினேன்.

"பாத்துக்குவா," என்றாள் அக்கா. "ரெண்டுத்துலயும் அவதான் ஃபாஸ்ட்டு."

கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "வர்ட்டாம்மே. பாஸானா சொல்லு, இன்னா?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெற்றி ஒரு கூடை எறாவைக் கொட்டிவிட்டுப் போனான். உரிக்க ஆரம்பித்தேன். பழக்கத்தில் இடது கை தானாக அக்கா பக்கம் நீண்டது. தலை கிள்ளிய எறா அங்கே இல்லை, மேஜையின் ஈரத் தகரம்தான் இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். சில்லிப்புகூடத் தெரியவில்லை.