இல்லாத ஆளுக்கு ஒரு சீட்டு

இமெல்டா மூன்றாவது தடவையாக அந்தப் பச்சைக் கேற்றைத் தட்டினாள். முதல் தடவை வீட்டுக்காரி செலீன் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, "அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டாம் தடவை கதவே திறக்கவில்லை, ஜன்னலால்தான் பதில் வந்தது. பதில் மட்டும் மாறவில்லை.

செலீனைக் குறை சொல்லவும் முடியாது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, சண்டைக் காலத்துக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ் வீட்டுக்குப் போய்ப் பெயர் சொல்லி ஆளை விசாரித்தால் தேத்தண்ணியா ஊற்றித் தருவார்கள்? போன மாதம் பக்கத்து ஒழுங்கைக்குச் "சுகாதாரக் கந்தோர்" என்று சொல்லிக்கொண்டு யாரோ வந்தார்களாம், பின்னாலேயே பொலிஸ் ஜீப்பும் வந்ததாம். உண்மையோ பொய்யோ, கதை ஊரெல்லாம் பரவியிருந்தது.

இமெல்டா உண்மையாகவே சுகாதாரக்காரி. மருதானைப் பக்கம் இருந்த பாலியல் நோய்க் கிளினிக் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகத் தாதி. ஊசி போட அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். இவளுடைய வேலை, இரத்தத்தில் நோய் தெரிந்த பிறகும் மருந்துக்கு வராதவர்களைத் தேடிப் பிடிப்பது. அதற்கென்று ஒரு முறை இருந்தது. நோயாளியின் சீட்டில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். தேடிப் போகிறவள் வெள்ளை உடுப்போடு போகக் கூடாது. கிளினிக்கின் பெயர் உள்ள ஒரு கடுதாசித் துண்டுகூடக் கையில் இருக்கக் கூடாது. அதனால் உத்தியோக அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, சாதாரணச் சேலையும் குடையுமாகத்தான் வெளிக்கிடுவாள். நோயின் பெயரை நோயாளியைத் தவிர வேறு யாருக்கும் சொல்ல மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மட்டக்குளியில் ஒரு மாமியாரிடம் வாய் தவறி ஒரேயொரு சொல் சொல்லிவிட்டாள். மறுநாள் போனபோது மருமகளின் சட்டி பானையெல்லாம் தெருவில் கிடந்தன. அந்தப் பாவம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

இந்தத் தடவை தேடி வந்தது இலக்கம் 417. பெயர் பழனியம்மா, வயது இருபத்திரண்டு, ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு ஒரு தடவை வந்து விலாசமும் இரத்தமும் கொடுத்தாள், சிபிலிஸ் என்று தெரிந்தது. பிறகு அந்தப் பக்கமே காணவில்லை. இப்போது ஏழாம் மாதம். உடனே பென்சிலின் ஊசி போட்டால் தாயும் பிள்ளையும் தப்பலாம். விட்டால் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே செத்துப் போகலாம், அல்லது நோயோடு பிறக்கலாம்.

"ரெண்டு தரம் போய்ட்டியள், போதும். கடிதம் போடுவம்" என்று காலையில் டொக்டர் றஞ்சிதம் சொன்னார்.

"கடிதத்தை ஆர் உடைச்சுப் பாப்பினமோ தெரியாது டொக்டர். நான் இண்டைக்கு விடமாட்டன்."

இமெல்டா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கொடியில் ஒரு மஞ்சள் ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, இருந்த துணியையெல்லாம் வெளியே விட்டு, கறுப்பு நூலால் மறுபடி தைத்திருந்தார்கள். உடம்பு வைக்கிற ஒரு சின்னப் பெண்ணின் ரவிக்கை. இமெல்டா மறுபடி தட்டினாள், இந்தமுறை குடைப்பிடியால்.

கதவு திறந்தது. "ஒழுங்கையே வேடிக்கை பாக்குது, உள்ளுக்கு வந்து தொலையுங்கோ" என்றாள் செலீன்.

உள்ளே சுவரில், தமிழ் வீட்டுக்காரர் எல்லாரும் பொலிசில் கொடுத்து முத்திரை குத்தி வாங்கவேண்டிய பதிவுப் பாரத்தின் பிரதி ஒட்டியிருந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர்கள். செலீன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"அஞ்சு பேர். பழனியம்மா எண்டு எங்கையாவது எழுதியிருக்கோ?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு என்ர உயிரை எடுக்கிறியள்?"

"அந்தப் பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லை. அதாலதான் நீங்க பதியேல்லை எண்டு எனக்குத் தெரியும். அதை விசாரிக்கிறது என்ர வேலை இல்லை. அவவுக்கு ஊசி போடவேணும். போடாட்டி வயித்துப் பிள்ளை தப்பாது."

செலீனின் கண் பின் அறைத் திரைப் பக்கம் போய் வந்தது. "என்ன வருத்தம்?"

"அதை அவவுக்குத்தான் சொல்லுவன்."

"வருத்தமும் சொல்ல மாட்டியள், எந்த ஆஸ்பத்திரி எண்டும் சொல்ல மாட்டியள். சரி, உங்கட அட்டையைக் காட்டுங்கோ பாப்பம்."

அட்டை மருதானையில் லாச்சிக்குள் பத்திரமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இமெல்டாவுக்குத் தன் வேலை முறையின் மேலேயே ஆத்திரம் வந்தது. இரண்டு பெண்களும் ஒரே பிள்ளையைத்தான் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி பொலிசுக்குப் பயந்து, மற்றவள் ஊர் வாய்க்குப் பயந்து. இப்படியே போனால் அந்தப் பிள்ளையை இரண்டு பேருமாகச் சேர்ந்து சாகடித்துவிடுவோம் என்று அவளுக்குப் பட்டது.

இமெல்டா கைப்பையைத் திறந்து தன் அடையாள அட்டையை, ஐசியை, எடுத்தாள். ஐசி இல்லாமல் தமிழர் கக்கூசுக்குக்கூடப் போகாத காலம் அது. அதையும் ஒரு சின்னச் சீட்டையும் சேர்த்துச் செலீனின் கையில் வைத்தாள். சீட்டில் இலக்கம் 417, ஒரு தெருப்பெயர், காலை ஏழரை, அவ்வளவுதான்.

"அப்பிடி ஒராள் இங்க இல்லை எண்டு சொல்றியள். சரி, இல்லாத ஆளிட்ட இந்தச் சீட்டைக் குடுங்கோ. நாளைக்குக் காலமை நீங்களே ஓட்டோவில அந்தத் தெருவில இருக்கிற பக்கக் கேற்றுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் பொய்க்காரி எண்டா என்ர ஐசி உங்கட கையில இருக்கு, அடுப்பில போடுங்கோ."

செலீன் அட்டையில் இருந்த விலாசத்தைப் பார்த்தாள். "வெள்ளவத்தையோ? விசரே உங்களுக்கு? இது இல்லாம அத்தனை செக் பொயின்றையும் தாண்டி எப்பிடிப் போய்ச் சேருவியள்?"

"அது என்ர பாடு."

பாடு பெரும்பாடாகத்தான் போயிற்று. காலி வீதிச் செக் பொயின்றில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு பெண் பொலிஸ் கையை நீட்டி, "ஐசி எக கோ?" என்று சிங்களத்தில் ஐசியைக் கேட்டாள். மறந்துவிட்டேன் என்றாள் இமெல்டா. எங்கே போய் வருகிறாய் என்றதற்குக் கோயிலுக்கு என்றாள். கொட்டாஞ்சேனை விலாசத்தைச் சொன்னால் விடிவதற்குள் அந்தப் பச்சைக் கேற் முன்னால் ஜீப் நிற்கும். என்ன வேலை என்றதற்கு மட்டும் உண்மையைச் சொன்னாள். கிளினிக்கின் பெயரைக் கேட்டதும் பெண் பொலிஸ் அரை அடி தள்ளி நின்றாள். அந்த அரை அடி இமெல்டாவுக்குப் பழகிப்போன ஒன்று.

பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்தபடியே இரவு கழிந்தது. அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் கூட. ஏழரைக்கு அவர்கள் வந்து, என்னைக் காணாமல் திரும்பிப் போய்விட்டால்? எட்டு மணிக்குச் சார்ஜன்ற் கிளினிக்குக்குப் போன் போட்டு, இவள் அங்கே வேலை செய்வது உண்மைதான் என்று அறிந்தார். ஆனாலும் ஐசி வந்தால்தான் விடுவேன் என்றார். தெரிந்த சாமி எல்லாவற்றையும் அவள் கூப்பிட்டுப் பார்த்தாள்.

பத்தரைக்கு வாசலில் நின்றது செலீன். கோயிலுக்கு உடுக்கிற சேலை, வியர்த்த முகம், கையில் கைலேஞ்சியில் சுற்றிய ஐசி. சார்ஜன்ற் போனில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்ததால் அவள் வாங்கில் இமெல்டாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊசி?" என்றாள் இமெல்டா.

"ஒண்டு போட்டாச்சு. இன்னும் ரெண்டு இருக்காம். உங்களைக் காணேல்லை எண்டு அவள் உள்ளுக்குப் போகப் பயந்து நிண்டவள். நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன். நீங்க இங்க இருக்கிறதை டொக்டர்தான் சொன்னவ." செலீன் குரலைத் தாழ்த்தினாள். "புருஷனையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். ரெண்டு பேருக்கும் ஊசி எண்டா எனக்கு விளங்காதே?"

இமெல்டாவுக்கு மட்டக்குளித் தெருவில் கிடந்த சட்டி பானைகள் கண்முன் வந்தன.

"பயப்படாதேங்கோ. நான் அவளிட்ட ஒண்டும் கேக்கேல்லை. பாணும் பருப்பும் குடுத்துப் படுக்க விட்டிட்டுத்தான் வந்தனான்."

இமெல்டாவுக்கு அழுகை வந்தது. இரவு முழுக்க வராத அழுகை.

சார்ஜன்ற் செலீனைக் கூப்பிட்டார். இவளுடைய ஐசி உன்னிடம் எப்படி வந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

"என் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள்."

"எந்த வீடு?"

இமெல்டா குறுக்கே பேச எழும்பினாள். செலீன் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டிலக்கம், ஒழுங்கை, கொட்டாஞ்சேனை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சார்ஜன்ற் எழுதிக்கொண்டே, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

ஐந்து என்றால் போதும். பாரத்தில் இருப்பதும் அதுதான். செலீன் பையைத் திறந்து பழனியம்மாவின் கர்ப்பிணி அட்டையையும், மடிப்பில் கிழிந்துபோன அவளுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஆறு பேர்" என்றாள். "அந்தப் பிள்ளை அடுத்த புதனும் அதற்கடுத்த புதனும் மருந்துக்குப் போகவேண்டும். எழுதுங்கள்."