அக்காவைத் தெரிந்தவர்கள்

கடைசி நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் நிமிர்ந்தபோது, வாசலில் இன்னும் மூன்று ஆண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரில் ஒருவரைக்கூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

காலை எட்டு மணியிலிருந்து இப்படித்தான். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய அக்கா படுத்திருந்தாள். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மாடி அறையில் சாய்ந்து உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தவள் அப்படியே போய்விட்டாள். அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தபந்தம் பதினைந்து பேர், ஆஸ்பத்திரியிலிருந்து பத்துப் பேர், எதற்கும் இருக்கட்டும் என்று முப்பது நாற்காலிக்குச் சொல்லியிருந்தார். பத்தரை மணிக்கே முப்பதும் நிறைந்து, மதில் ஓரமாக ஆட்கள் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"அக்காவோட எப்படிப் பழக்கம்?" என்று கடா மீசைக்காரர் ஒருவரிடம் கேட்டார்.

"ஒரே பஸ்ல போவோம் சார்."

அக்கா முப்பது வருஷமாக ஸ்கூட்டரில் போனவள். ஓட்டக் கற்றுக்கொடுத்ததே மாஸ்டர்தான்.

அடுத்தவர், தான் பேக்கரி வைத்திருப்பதாகவும் அக்கா தினமும் வந்து பன் வாங்குவாள் என்றும் சொன்னார். பன் என்றால் அக்காவுக்குத் தொண்டையில் இறங்காது. மூன்றாமவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "ஒண்ணாப் படிச்சோம்," என்றான். சொன்னது தன் காதிலேயே விழுந்து விழித்துவிட்டு, "அவங்க தம்பிகூட," என்று திருத்திக்கொண்டான். அவளுக்கு இருந்த ஒரே தம்பி அவன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.

மாஸ்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்குப் பொய் சொல்கிற முகம் அத்துப்படி. 'கண்ணாடியைப் பாத்துட்டுதான் சார் திருப்பினேன்' என்று சொன்ன எத்தனையோ பேரைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்திருக்கிறார். அதோடு, இந்த விஷயத்தில் அவரும் ஒன்றும் யோக்கியமில்லை. உங்க அக்கா என்ன பண்றாங்க என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்றா" என்று சொல்லிப் பேச்சை மாற்றுவது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

அக்கா ரத்தத்தைத் தொட்டதே இல்லை. அவள் ஆராய்ச்சி செய்தது ஆண்களின் மலட்டுத்தன்மையை. சொந்தக்காரர்கள் விந்தணுவைப் பூச்சியாக்கி, அவளுக்குப் 'பூச்சி டாக்டர்' என்று பேர் வைத்து, அவள் தலை மறைந்ததும் சிரித்தார்கள். அது அவளுக்கும் தெரியும். "பூச்சி இருக்கிறவன் சிரிக்கட்டும். இல்லாதவன் வந்து என்னைப் பாக்கட்டும்," என்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிள்ளையில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வந்ததெல்லாம் பெண்கள்தான். கூட வந்த புருஷன் வெளியே மரத்தடியில் நின்று பேப்பர் படிப்பான். "பொம்பளைங்க பக்கமே இரும்மா, அங்கதான் கூட்டம்," என்று பெரிய டாக்டர் புத்தி சொன்னாராம். "கூட்டம் இங்க சார். குறையில பாதி மரத்தடியில நிக்குது," என்றாளாம் அக்கா. அந்த வாய்க்காக இரண்டு வருஷம் அவளுக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜையும், பழைய மைக்ராஸ்கோப் ஒன்றும்தான் கிடைத்தன.

அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை என்று தெரிந்தால், அந்த ஆளின் கதை முடிந்தது என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். அக்கா மூடமாட்டாள். "ஒரு மைதானம் பூரா புல்லு காய்ஞ்சு கிடக்குன்னு வை. குழாயடியில மட்டும் ஒரு கைப்பிடி பச்சையா நிக்கும். அதைப் பாக்காம மொத்தமும் காய்ஞ்சு போச்சுன்னு எழுதலாமா?" சாப்பிடும்போது அவள் இதைச் சொன்ன அன்று, மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

இப்போது அந்தத் தேடலின் கதையை, அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த லேப் டெக்னீஷியன் அம்மா மாஸ்டரின் சித்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவோடு இருபத்தெட்டு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவள். அழுது முடித்துவிட்டு, பெருமை பேசும் கட்டத்துக்கு வந்திருந்தாள்.

"விதைப்பையிலேர்ந்து சர்ஜன் எடுத்துக் கொடுத்தது, அரிசி மணி மாதிரி எட்டுத் துணுக்கு. காலையில ஏழு மணிக்கு மேடம் அதை வெச்சுக்கிட்டு உக்காந்தாங்க. மத்தியானம் சர்ஜன் வந்து, விடுங்க மேடம், ஒண்ணும் இல்லைன்னார். சரி, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்கன்னாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, கண்ணை வெச்சுப் பாருன்னாங்க. மூணு இருந்துச்சு. அதுல ஒண்ணு வாலை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. மேடம் எந்திரிச்சாங்க, கால் மரத்துப்போய் நிக்க முடியல. மேஜையைப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சாங்க பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு."

"அப்புறம்?" என்றாள் சித்தி.

"அப்புறம் என்ன, அந்தப் பொண்ணு இப்ப காலேஜ் போகுது."

கிடைத்த ஒன்றிரண்டைக் கெடாமல் உறையவைக்க அக்கா ஒரு முறையைக் கண்டுபிடித்தாள் என்பதும், அதைக் கற்றுக்கொள்ள எங்கெங்கிருந்தோ டாக்டர்கள் வந்து அவளிடம் மாணவர்களைப்போல் உட்கார்ந்தார்கள் என்பதும், பிறந்த பிள்ளைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள் என்பதும் மாஸ்டருக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஒரே வீட்டில், தலைக்கு மேல் குடியிருந்தவள். அவள் சொல்ல வந்ததில்லை என்று சொல்ல முடியாது. அவர்தான் கேட்க உட்கார்ந்ததில்லை.

சித்தி கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விட்டாள்.

"என்ன இருந்து என்ன. ஊருக்கெல்லாம் பிள்ளை கொடுத்தா. கூடப் பொறந்தவன் வீட்டுல தொட்டில் ஆட்ட முடியலையே. டாக்டர் என்ன பண்ணுவா, வாய்ச்ச வயிறு அப்படி."

பேப்பர் கப்பில் டீ கொடுத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி, தட்டோடு ஒரு கணம் நின்றாள். பிறகு அடுத்த ஆளிடம் நகர்ந்தாள். முப்பது வருஷமாகக் கேட்கிற பேச்சு. முகத்தில் ஒன்றும் தெரியாது.

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. பிரேக் தேடுகிற கால்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் தெரியாமல் அக்காவிடம் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் அக்கா டிரைவிங் ஸ்கூலுக்கே வந்து, கற்றுக்கொள்கிறவர்கள் உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"உன்கிட்டதான்டா. ஒண்ணுகூட இல்ல. ஆனா நான் தேடுவேன். சின்ன ஆபரேஷன்தான். அவகிட்ட சொல்லிட்டு, ரெண்டு பேருமா வாங்க."

"அவகிட்ட சொல்லிடாத."

"நான் சொல்ல மாட்டேன். அது என் தொழில் தர்மம். சொல்ல வேண்டியது நீ."

அவர் சொல்லவும் இல்லை, போகவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, அவருடைய பிறந்தநாளன்று, "சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்பாள். பத்து வருஷம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் விட்ட பிறகுதான் அவர் அந்த நாளில் அவள் கண்ணில் படாமல் விடியற்காலையிலேயே ஸ்கூலுக்குக் கிளம்ப ஆரம்பித்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்."

மதிலோரம் நின்ற கடா மீசைக்காரர்தான். கூடத்து வாசல்படிவரை வந்து நின்றார். கடைசி சீட்டுவரை கேட்டுப் பழகிய குரல்.

"வயித்தைச் சொல்லாதீங்கம்மா. என் பொண்டாட்டியையும் ஒன்பது வருஷம் இப்படித்தான் சொன்னாங்க. நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். குறை என்கிட்ட. எனக்கு உயிரணு கிடையாதுன்னு ஆறு டாக்டர் எழுதிக் கொடுத்தாங்க. இவங்க ஒருத்தங்கதான் தேடிப் பாக்கறேன்னாங்க." மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சார், பஸ்ல போவோம்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நான் கண்டக்டர். நான் பஸ்ல போறது நிஜம். அவங்கதான் வந்ததில்ல."

யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பேக்கரிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அவங்க பன்னெல்லாம் வாங்கல சார். எனக்கு ரெட்டைப் புள்ளைங்க. ரெண்டும் ஸ்கூலுக்குப் போகுதுங்க." அவருக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர், அவரை அடுத்து வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர். 'ஒண்ணாப் படிச்சோம்' பையன், "அடுத்த மாசம் பிரசவத்துக்குத் தேதி கொடுத்திருக்காங்க," என்று சொன்னபோது, பத்துப் பேர் திரும்பி அவன் முதுகில் தட்டினார்கள். முன்பின் தெரியாதவர்கள். காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றவர்கள். இப்போது, உனக்கு எந்த வருஷம், எனக்கு இந்த வருஷம், உன் பிள்ளைக்கு என்ன வயசு என்று, பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த பிள்ளைகள்போல் பேசிக்கொண்டார்கள். சாவு வீடா இது என்று தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். டெக்னீஷியன் அம்மா பெட்டிமேல் குனிந்து, "மேடம், எல்லாரும் வாயைத் திறந்துட்டாங்க மேடம்," என்றாள்.

மாஸ்டர் நடுக்கூடத்துக்கு வந்தது அவருக்கே தெரியவில்லை.

"சித்தி," என்றார். செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "அவகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை எனக்குத்தான். அக்கா டெஸ்ட் பண்ணிச் சொன்னா. நான்தான் மூடி வெச்சுட்டேன்."

மனைவி தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். ஒரு கப்பும் சாயவில்லை. சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டரும் போனார்.

அவள் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். முகம் ஈரமாக இருந்தது. கழுவியதா, வேறா என்று தெரியவில்லை.

"எப்ப?"

"இருபத்தாறு வருஷமாச்சு."

"தேடிப் பாக்கலாம்னு அவங்க சொன்னாங்களா?"

"சொன்னா."

அவள் குழாயை மூடினாள். அடுத்த கேள்வி அவள் கண்ணில் இருந்தது. கேட்கவில்லை. வெளியிலிருந்து கண்டக்டரின் குரல், வண்டி தெருவுக்குள் வராது, குழாய் போடத் தோண்டியிருக்கிறார்கள், முனை வரைக்கும் தோளில்தான் கொண்டுபோக வேண்டும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

"போங்க. கூப்பிடறாங்க," என்றாள்.

அக்காவை மரப்பெட்டிக்கு மாற்றி, நாலு மணிக்குத் தூக்கினார்கள். பெட்டிக்கு ஆறு பேர் போதும். இருபது பேருக்கு மேல் கை வைத்தார்கள். பேக்கரிக்காரரும் தாடிக்காரரும் முன்னால், அடுத்த மாசத் தகப்பன் நடுவில். டை கட்டியவர் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரே தம்பி, முன்னால் நிற்க வேண்டியவர், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். தோள் நுழைக்க இடம் கிடைக்கவில்லை. யாரையும் விலகச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. கண்டக்டரின் மனைவி ஒரு கையில் பையும் ஒரு கையில் தூங்குகிற குழந்தையுமாக அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். கண்டக்டர் குழந்தையை வாங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, மாஸ்டர் தோளில் சாய்த்தார்.

"கொஞ்சம் பிடிங்க சார். கடைசிப் பொண்ணு. எந்திரிக்க மாட்டா," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பெட்டிக்கு அடியில் தோள் கொடுத்தார்.

பெட்டி உயர்ந்தது. எதிர்வீட்டு மாடியிலும் பக்கத்துக் கடை வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். "யாருங்க போறது?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க அக்கா," என்றார் மாஸ்டர். "ஆம்பளைங்களோட மலட்டுத்தன்மையில ஆராய்ச்சி பண்ண பெரிய சயன்டிஸ்ட். இந்த ஊர்ல அவதான் முதல் ஆள்." குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று பார்த்தும் குரல் உரக்கத்தான் வந்தது.

தோண்டிய பள்ளத்தின் ஓரமாக, மண்மேட்டில் ஏறி இறங்கி நடந்தார்கள். மூன்று வயதுக் குழந்தை நல்ல கனம். கழுத்தில் அதன் மூச்சு சுட்டது. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அவர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மனைவி பெண்களோடு நாலு தப்படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமல்.

பாதித் தெருவில் குழந்தையின் காலிலிருந்து ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். வந்து, குனிந்து, செருப்பை எடுத்து மண்ணைத் தட்டினாள். மாட்டிவிடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் நடந்தாள்.