இறுக்கமே இல்லாத சட்டை

கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக என் இடது மணிக்கட்டில் ரத்தக்குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார் கோயமுத்தூர் டாக்டர். பிஸ்டுலா என்று பெயர். தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும். அது ஓடும்வரைதான் நானும் ஓடுவேன். வலது கையில் முதலில் போட்டது அடைத்துப் போயிற்று. இதுவும் போனால் ஊசி போட வேறு நல்ல குழாய் இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஆகவே அந்தக் கையை மாப்பிள்ளை மாதிரி கவனித்தேன். வாட்ச் கட்டுவதில்லை, பை தூக்குவதில்லை. என் மனைவி தெய்வாத்தாள் காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் அதைத் தொட்டுப் பார்ப்பாள். அப்படிப் போற்றி வளர்த்த கையை நானே நெரித்தேன் என்றால், அந்தச் சாமர்த்தியம் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவனுக்குத்தான் வரும்.

தொண்ணூற்றேழில் ஜெர்மனிக்குப் போகவேண்டிய முழுக்கை டி-சர்ட் லாட்டைச் சோதிக்க, வெளிநாட்டுக்காரருக்காகச் சரக்கைப் பார்த்து வாங்கும் பையிங் ஆபீசிலிருந்து அய்யூப் வந்தார். கைமுனையில் வைத்துத் தைத்த, இழுத்தால் நீளும் ரிப் பட்டியை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“டைட்டா இருக்குதுங்ண்ணா. பாஸ் பண்ண முடியாதுங்க.”

“எங்கீங்க டைட்டு? இருங்க, நானே போட்டுக் காட்டறனுங்க.”

வாட்ச் ஆகாது என்று டாக்டர் சொன்னாரே தவிர சட்டை ஆகாது என்று சொல்லவில்லை. அதுவும் நான் தயாரித்த சட்டை! போட்டுக்கொண்டு பகல் முழுக்க அவர் எதிரிலேயே நடந்தேன். மத்தியானம் விரல்கள் மரத்தன. “தொளதொளன்னு லூசா இருக்குதுங்க தம்பி” என்று சிரித்தேன்.

சாயங்காலம் காபி கொண்டுவந்த தெய்வாத்தாள் கண்ணில் அந்தக் கை பட்டது. பட்டியை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் ரிப்பின் அச்சு வரிவரியாகப் பதிந்திருந்தது. விரல் வைத்தவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங்க, ஓடலீங்களே!”

அப்போதும் என் வலது கை, அய்யூப் பார்த்துவிடாதபடி அந்த அச்சை மூடிக்கொண்டிருந்தது.

அய்யூப்தான் தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூருக்கு விரைந்தார்.

“உள்ளே முன்னாடியே சுருங்கியிருக்கு. மிச்ச வழியை இந்த இறுக்கம் அடைச்சிருச்சு. அறுக்காமலே திறக்க முடியுதான்னு பார்ப்போம்” என்றார் டாக்டர். பிறகு அச்சைப் பார்த்தார். “எந்தக் கம்பெனி சட்டைங்க இது?”

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

கை மரக்க ஊசி போட்டு, சின்னத் துளை வழியாக ஒரு கம்பியை உள்ளே விட்டார். உறைந்த ரத்தம் கரைய மருந்து செலுத்தினார். கம்பி மேலேயே ஒரு குட்டி பலூன் போனது. எல்லாம் பக்கத்தில் டிவியில் தெரிந்தது. பலூன் உப்பியது, நடுவில் மட்டும் இடுப்பை இறுக்கிக் கட்டினாற்போல் ஒடுங்கி நின்றது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு தடவை துவைத்தால் லூசாகிவிடும் என்று ஊரையெல்லாம் ஏமாற்றிய நான், லூசாகு சாமி, லூசாகு என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். டாக்டர் இன்னும் அழுத்தினார். ஒடுக்கம் மெல்ல விரிந்து மறைந்தது.

வெளியே கொண்டுவந்ததும் தெய்வாத்தாள் கையைத் தொட்டாள். என் வலது கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். கிர்ரென்று ஓடியது. சாக எனக்கு எவ்வளவு பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல் ஓவென்று அழுதேன்.

அய்யூப் பதறிப்போய் ஓடிவந்து என் காதருகில் குனிந்தார்.

“அழுவாதீங்ண்ணா. லாட்டை நான் பாஸ் பண்ணிர்றேனுங்க.”

என்னோடு இத்தனை வருஷம் பழகிய மனிதர், நான் வேறு எதற்கு அழுவேன் என்று நினைப்பார்? மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“வேண்டாமுங்க தம்பி. டைட்டுத்தானுங்க.”