முதலில் கத்தியது யார்

ஸ்பார்ட்டாக்காரர்கள் ஊரை வளைத்து எழுபது நாளாகியிருந்தது. கிரேக்க நாட்டு ஆர்க்காடியாவின் மலையூர்களில் அது சின்னது. மதிலுக்குள் முன்னூறு வீடு, ஒரு சந்தைத் திடல், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் இப்போது ஆடுமாடுகளோடு அதற்குள் அடைந்து கிடந்தது. தோள் இடிபடாமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் விட்ட மூச்சைத்தான் நாம் இழுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

நிகிப்பாவின் ஆடுகள் தெற்கு வாசலை ஒட்டிய பட்டியில் நின்றன. எண்பத்திரண்டு உருப்படி. கணவன் இறந்து நாலு வருஷமாக மேய்ப்பதும் கறப்பதும் அவள்தான். முற்றுகை தொடங்கியபின் ஊர்க் குழந்தைகளில் பாதி அந்தப் பாலில்தான் உயிரோடிருந்தன.

அந்த நாட்டில் நண்பகலில் யாரும் சத்தம் போடமாட்டார்கள். ஆட்டுக்கால் சாமியான பான் வேட்டையாடிக் களைத்துக் கண்ணயரும் நேரம் அது. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றும் ஊர் அப்படித்தான் அடங்கிக் கிடந்தது. பட்டியின் கம்பத்தில் சாய்ந்தபடி நிகிப்பாவும் தூங்கிப்போனாள். மதில் மெல்லச் சாய்ந்து தன் மார்பின்மேல் வந்து உட்காருவதாக ஒரு கனவு.

விழித்தபோது ஆடுகள் அத்தனையும் தலை தூக்கி நின்றன. ஒரு கணம்தான். பிறகு எண்பத்திரண்டும் ஒரே உடம்பாகப் பட்டிக் கதவின்மேல் விழுந்தன. நாணல் தட்டி நொறுங்கியது. அவை தெருவில் பாய்ந்தன. நிகிப்பா பின்னாலேயே ஓடிக்கொண்டு கத்தினாள்.

"கதவு உடைஞ்சிருச்சு. ஐயோ, கதவு உடைஞ்சிருச்சு."

அந்தச் சொல் அவள் வாயை விட்டுப் போனதும் அவளுடையதாக இல்லை. அடுத்த தெருவில் அது "தெற்கு வாசல் போயிருச்சு" ஆயிற்று. அதற்கடுத்த தெருவில் "உள்ள வந்துட்டாங்க" ஆயிற்று. ஜனம் மேட்டுக் கோட்டையை நோக்கி ஓடியது. கோட்டைக்குப் போக ஒரே ஒரு படிக்கட்டுச் சந்து. இரண்டு பேர் சேர்ந்து ஏறினாலே சுவர் உரசும். மேலே கதவு உள்தாழ் போட்டிருந்தது. முன்னால் போனவர்கள் திரும்ப முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் நிற்க முடியவில்லை.

உலைநீர் கொதிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மதில்மேல் நின்ற காவலர்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். ஸ்பார்ட்டாக்காரர்கள் அத்திமர நிழலில் கேடயத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சந்தில் ஆலியோஸ் என்ற குயவரும் லாடிக்கே என்ற இளம்பெண்ணும் மிதிபட்டுச் செத்துக் கிடந்தார்கள். லாடிக்கேயின் கைக்குழந்தைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. யாரோ அதைத் தலைக்குமேல் கைமாற்றி வெளியே தள்ளியிருந்தார்கள்.

அன்று மாலையே தளபதி தெல்லியாஸ் சந்தைத் திடலில் ஊரைக் கூட்டினான். அவன் கொரிந்துக்காரன், ஊரைக் காக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்டவன்.

"என்ன நடந்துச்சு?" என்றான்.

"பானெயா," என்றார் நெசவுக்காரர் ஒருவர், மழை பெய்தது என்று சொல்வதுபோல.

"அப்படின்னா?"

"பானோட வேலைன்னு அர்த்தம்," என்றார் பான் கோயில் பூசாரி. "சாமி ஒரு குரல் கொடுப்பாரு. அது காதுல விழாது, முதுகுத்தண்டுல விழும். அப்புறம் யாரும் யார் கையிலயும் இல்ல."

"பூசாரிக்குத் தும்மினாலும் சாமிதான்," என்றார் நெசவுக்காரர். "பான்னா எல்லாம்னு அர்த்தம், தளபதி. ஒருத்தன் பயந்தா அது பயம். எல்லாரும் ஒண்ணாப் பயந்தா பானெயா."

கூட்டத்திலிருந்து ஒரு இடையன் சிரித்தான். "ரெண்டு பேரும் ஒரு நாளாவது மந்தை மேய்ச்சிருந்தா தெரியும். மேய்க்கிறதுங்கிற சொல்லுலருந்துதான் அந்தச் சாமிக்கே பேரு. மந்தை நல்லா மேய்ஞ்சிக்கிட்டே இருக்கும், ஓநாயும் இருக்காது, இடியும் இருக்காது, திடுதிப்புனு ஓடும். அந்த ஓட்டத்துக்குப் பேருதான் பானெயா. மனுசங்களுக்கு அதைக் கடன் வாங்கினது நீங்கதான்."

தெல்லியாஸ் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மூணு பேரு, மூணு அர்த்தம். ஒண்ணுலயும் குத்தவாளி இல்ல. வசதியான சொல்லாத்தான் பொறுக்கி வச்சிருக்கீங்க. எங்க ஊர்ல இதுக்குப் பேரு வெறும் பயம். பயத்துக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்துக்கு ஒரு வாய் இருக்கும். நாளைக்கு எதிரியோட ஆளு ஒருத்தன் உள்ள நின்னுக்கிட்டு கத்துறான்னு வைங்க. நீங்க பானெயான்னு சொல்லிப் பொணத்தை எரிச்சிட்டுப் போயிருவீங்க. அந்தச் சொல்லு என் மதில்ல ஒரு ஓட்டை."

லாடிக்கேயின் அக்கா தெமோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என் தங்கச்சியை மிதிச்சது சாமி காலு இல்ல, மனுசக் காலு. மொதல்ல கத்துனது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

தளபதி உத்தரவு போட்டான். நாளை நண்பகலுக்குள் ஆள் தெரிய வேண்டும். கத்தியவரை மதிலிலிருந்து தள்ளுவது, காட்டிக் கொடுத்தவருக்கு ஒரு மூட்டை பார்லி. அதுவரை ஊருக்குத் தண்ணீர் பாதிதான்.

நிகிப்பா திடலின் ஓரத்தில் நின்று அதைக் கேட்டாள். ஊரைச் சுற்றி மதில், மதிலைச் சுற்றி ஈட்டி. இப்போது அவளைச் சுற்றி மட்டும் இன்னொரு வளையம். ஓடுவதென்றால் எங்கே ஓடுவது? மதிலேறிக் குதித்தால் ஸ்பார்ட்டாக்காரன் கையில் விழலாம். அதற்குத் தளபதி தள்ளுவதே மேல்.

பொழுது சாய்வதற்குள் கொழுந்தன் தாமிஸ் பட்டிக்கு வந்தான். பிறவியிலேயே ஒரு கால் விந்தி நடப்பவன். வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

"ஆடு எல்லாம் சேர்ந்துச்சா அண்ணி?"

"ரெண்டு குறையுது தம்பி. சந்துல மிதிபட்டுச்சு."

அவன் உடைந்த தட்டியை நிமிர்த்திக் கட்ட ஆரம்பித்தான். கயிற்றையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் கூரைமேல இருந்தேன், ஓடு மாத்திக்கிட்டு."

"தெரியும். உன் ஏணி சாஞ்சு கிடந்துச்சு."

"பட்டிக் கதவுன்னு சொல்லியிருக்கலாம்ல. ஒரே ஒரு சொல்லு. பட்டி."

"வாயில வரல."

"ஒரு மூட்டை பார்லிங்கிறாங்க."

"அஞ்சு வயிறு இருக்கு உனக்கு. போய்ச் சொல்லிரு. நான் உன்னை ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"சொல்றதா இருந்தா திடலுக்குப் போயிருப்பேன். இங்க ஏன் வரேன்?"

"பின்ன எதுக்கு வந்த?"

தாமிஸ் முடிச்சை இறுக்கினான். "சொல்லிருவேனோன்னு பயமா இருந்துச்சு. உங்க முகத்தைப் பார்த்துட்டா சொல்ல வராதுன்னு வந்தேன்."

அவன் போனபின் நிகிப்பா அந்தக் கம்பத்தடியிலேயே உட்கார்ந்தாள். தன் கனவை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தாள். ஆடுகள் ஓடிய சத்தத்தில் அவள் விழித்தாளா, அல்லது கனவில் அவள் போட்ட கூச்சலில் ஆடுகள் ஓடினவா? எத்தனை முறை நினைத்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடந்தன.

மறுநாள் காலையில் ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. பாதித் தண்ணீர் குடித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரன் தொண்டையைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அப்பன் மகனைக் கேட்டான், மாமியார் மருமகளைக் கேட்டாள். நண்பகல் நெருங்கியபோது கோமோன் என்பவனைத் திடலுக்கு இழுத்து வந்தார்கள். அவன் மெஸ்ஸீனியாவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமை. தொட்டியில் தண்ணீர் இறைப்பவன்.

"இவன் பேச்சே இழுவைப் பேச்சு," என்றான் ஒருவன். "நேத்து கேட்டதும் அதே இழுவைதான்."

"நானும் கேட்டேன்," என்றான் இன்னொருவன்.

மூன்றாவதாக ஒருவன் கோயிலைப் பார்த்துச் சத்தியமே செய்தான். கோமோனுக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் கொதித்தது. தாமிஸ் தலையைக் குனிந்து மண்ணையே பார்த்தான்.

நிகிப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கோமோனுக்கும் தளபதிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அவன் இல்லீங்க. கத்துனது நான்."

"என்னன்னு கத்தின?" என்றான் தெல்லியாஸ்.

"கதவு உடைஞ்சிருச்சுன்னு. பட்டிக் கதவு. பட்டிங்கிறது வாயில வரல."

"கதவை உடைச்சது யாரு?"

"ஆடுங்க."

"ஆடு ஏன் ஓடிச்சு? நீ கத்துனதாலயா?"

"தெரியலைங்க."

"தெரியலன்னா?"

"தூங்கிட்டிருந்தேன். கெட்ட கனா. நான் கத்துனதுல அதுங்க ஓடிச்சா, அதுங்க ஓடுனதுல நான் கத்துனேனான்னு நேத்துலருந்து நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன். பிடிபடலைங்க. வேணும்னா நான்தான் மொதல்லன்னே எழுதிக்கங்க. இவனை விட்ருங்க."

நேற்றுச் சிரித்த இடையன் மெதுவாகச் சொன்னான்: "இதைத்தான் நேத்து பானெயான்னு சொன்னோம். யார் மொதல்லன்னு பிரிக்க வராது, தளபதி."

தெல்லியாஸ் அவனை முறைத்தான். போட்ட உத்தரவு அவன் கழுத்தையும் சேர்த்துத்தான் இறுக்கியது என்பது முகத்தில் தெரிந்தது. அவன் தெமோவைப் பார்த்தான்.

தெமோ நிகிப்பாவின் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"நீயா?"

"நான்தான் அக்கா."

தெமோ கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. கை அப்படியே இறங்கியது.

"இவளைத் தள்ளிட்டா நாளைக்கு இந்தப் பிள்ளைக்குப் பால் யாரு கறப்பா?" என்றாள் தளபதியிடம். "தள்ள வேணாம். என் கண்ணு முன்னால மட்டும் வர வேணாம்னு சொல்லுங்க."

அந்த மதிலுக்குள் யார் கண்ணில் யார் படாமல் இருக்க முடியும்?

தெல்லியாஸ் தன் உத்தரவை ஒருவழியாக நிறைவேற்றினான். பட்டியை உடைத்தவை ஆடுகள். எனவே தண்டனையும் ஆடுகளுக்கே. நன்றாகக் கறக்கும் பத்தை மட்டும் கால்கட்டுப் போட்டு விட்டுவிட்டு மற்றதை அறுக்கச் சொன்னான். இனிமேல் மதிலுக்குள் யாரும் 'கதவு' என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது, எந்தக் கதவென்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்றும் பறைசாற்றினான். கோமோனை அவிழ்த்துவிட்டார்கள். சத்தியம் செய்தவன் உட்பட ஒருவரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்தியடிக்குக் கொண்டுபோனது நிகிப்பாதான். வேறு யார் பிடித்தாலும் அவை மிரண்டன. எழுபது ஆடு. ஊர் ஐந்து நாள் வயிறாரத் தின்றது. முதல் நாள் அவள் தொடவில்லை. இரண்டாம் நாள் பசி பொறுக்காமல் தின்றாள். தின்றபோது ருசியாகவே இருந்தது, அதற்காகவும் அழுதாள்.

ஆடுகளை அறுத்த மறுநாள் விடியற்காலையில் பட்டித் தட்டிக்கு வெளியே ஒரு மண்கலயம் நீண்டது. தெமோ முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். நிகிப்பா பேசாமல் கலயத்தை வாங்கி, கறந்து, திருப்பிக் கொடுத்தாள். தினமும் அப்படியே நடந்தது. தண்ணீருக்கு நிகிப்பா எல்லோரும் போனபின் கடைசியாகத்தான் போவாள். கோமோன் அவள் குடத்தை மட்டும் விளிம்புவரை நிரப்பிக் கொடுப்பான். அவனும் பேசமாட்டான்.

இலையுதிர்கால மழை பிடித்ததும் ஸ்பார்ட்டாக்காரர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தெற்கு வாசல் திறந்தபோது ஒருவர்கூட ஓடவில்லை. முன்னால் போகிறவர் காலைப் பார்த்துப் பார்த்து, வரிசையாக, மெதுவாக வெளியேறினார்கள். நிகிப்பா பத்து ஆடுகளோடு கடைசியில் வந்தாள். எதிரே மலைச்சரிவு பரந்து கிடந்தது. அவளுக்கு அதில் கால் வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்தக் குளிர்காலம் முழுக்க, சரிவிலிருந்த அவள் குடிசை வாசலுக்குத் தெமோ கலயத்தோடு நடந்து வந்தாள். வசந்தத்தில் குழந்தை ரொட்டி தின்னப் பழகியது. அதற்குப் பிறகு தெமோ வரவில்லை.